அப்பாவின் ரப்பர் மர நிரையில் உளி பிடித்தவர்களுக்கு

லூரா பிலுட் ஊர்ச் சொந்தங்களுக்கு வணக்கம்.

போன வாரம் அப்பா ஊன்றுகோல் இல்லாமல் தோட்டம் வரை நடந்துவிட்டார். அதைச் சொல்லவும், நான்கு மாதமாக மனத்திலேயே வைத்திருந்த நன்றியைச் சொல்லவும்தான் இந்த மடல்.

மழை விட்ட ஒரு விடியலில் சரிவில் வழுக்கி அவருக்குக் கால் முறிந்தது. பால்மரத்தை நம்பிய வீட்டில் அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மழை பெய்தால் வேலை இல்லை, இலையுதிர் மாதங்களில் பால் குறையும், மங்கில் உறைந்த கட்டிப்பாலின் விலை என்றைக்கும் நம் கையில் இல்லை. ஆள் வைத்துப் பட்டையைச் சீவிப் பால் எடுத்தால் வருமானத்தில் பாதிக்குப் பாதி போய்விடும். நானோ கோலாலம்பூரில் வேலையில் இருந்தேன்.

மலாய்க்காரப் பாக்சிக், சீனத்து அங்கிள், மேட்டுவீட்டு மாமா, நீங்கள் மூவரும் உங்கள் மரங்களை முடித்த கையோடு எங்கள் நிரைக்கு வந்தீர்கள். பங்கு என்று ஒரு காசு எடுக்கவில்லை. வாரம் ஒருமுறை மங்குகளில், அதாவது பால் பிடிக்கும் கிண்ணங்களில், கட்டியதைச் சேர்த்து விற்று, எடைச்சீட்டோடு பணத்தை அம்மா கையில் கொடுத்தீர்கள். தம்பியின் படிப்பு அதில்தான் நிற்காமல் ஓடியது.

தோட்டத்துக்குள் போனதும் அப்பா முதலில் பார்த்தது பட்டையைத்தான். அடுத்தவர் மரம்தானே என்று ஆழமாக வெட்டிப் பாலை எடுத்துக்கொண்டு போகிறவர்களும் உண்டு. பட்டைக்கு உள்ளே இருக்கும் கட்டையில் காயம் பட்டால் அந்த இடத்தில் பட்டை சரியாக வளராது, பிறகு அங்கே சீவவும் முடியாது. எங்கள் மரங்களில் அப்படி ஒரு காயம்கூட இல்லை. அப்பா ஒன்றும் பேசாமல் ஒவ்வொரு மரமாகத் தடவிக்கொண்டே போனார்.

மக்சிக், காலையில் உங்கள் நாசி லெமாக் சோறு விற்கும் மேசையிலேயே அம்மாவின் வடைக்கும் இடம் விட்டீர்கள். அதையும் மறக்க மாட்டோம்.

நிலமில்லாதவர்களைக் குடியமர்த்த 1956இல் தொடங்கிய பெல்டா என்ற அரசு அமைப்பின் முதல் திட்டம் நம் ஊர். எஸ்டேட் லயத்துக் குடியிருப்பை விட்டு, ஏறக்குறைய 10 ஏக்கரை நம்பி இங்கே வந்தவர் எங்கள் தாத்தா. அக்கம்பக்கம் இல்லையென்றால் முதல் வருடமே திரும்பிப் போயிருப்பேன் என்பார். அப்போது அது எனக்குச் சரியாகப் புரியவில்லை.

இப்போது இலை உதிர்கிறது. புது இலை முற்றியதும் கீழ் நிரையை அப்பா பார்த்துக்கொள்வார், சரிவு நிரையைச் சீவ வாரக் கடைசியில் நான் வந்துவிடுவேன். அப்புறம், வரும் சனிக்கிழமை மதியம் எல்லோருக்கும் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. கோழி ஹலால் கடையில் வாங்கியது, பாக்சிக். பேரப்பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.