கியர்பாக்ஸை இறக்குவதற்கு முன்னால்

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

நேற்று போனில் நீ சொன்னதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஐந்தாவது கியரில் மிதித்தால் இன்ஜின் மட்டும் சீறுகிறது, வண்டி வேகம் எடுக்கவில்லை என்றாய். அது கிளட்ச் வழுக்குவதுதான். ஆனால் போகிறபோக்கில் இன்னொன்றும் சொன்னாய்: சாவியைத் திருப்பி அணைக்கும்போது அடியில் கடகடவென்று ஒரு குலுக்கல். அதைக் கேட்டபிறகுதான் உட்கார்ந்து எழுதவேண்டும் என்று தோன்றியது. அது கிளட்ச் தட்டின் சத்தம் மாதிரி தெரியவில்லை. இன்ஜினுக்கும் கிளட்ச்சுக்கும் நடுவில் சுற்றும் கனமான சக்கரம், பிளைவீல், அதுவாகத்தான் இருக்கும்.

டீசல் இன்ஜின் வெளியே பார்க்கச் சீராகச் சுற்றுவதுபோல் இருக்கும், உள்ளே அப்படி இல்லை. நாலு சிலிண்டர் இன்ஜினில் ஒவ்வொரு சுற்றுக்கும், பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க் ஷாஃப்டுக்கு இரண்டு உதை விழுகிறது. அந்த உதை கியர்பாக்ஸுக்குப் போகாமல் வாங்கிக்கொள்ளத்தான் உன் வண்டியில் டூயல் மாஸ் பிளைவீல் வைத்திருக்கிறார்கள். இரண்டு கனமான தட்டுகள், நடுவில் வில்லாக வளைந்த ஸ்பிரிங்குகள், சுற்றிலும் கிரீஸ். அந்த ஸ்பிரிங் தளர்ந்துபோனால் இன்ஜின் நிற்கும் அந்த ஓரிரு நொடியில் இரண்டு தட்டும் ஒன்றோடொன்று அடித்துக்கொள்ளும். நீ கேட்பது அதைத்தான்.

கிளட்ச் மட்டும் மாற்றினால் போதாதா என்று கேட்டாய். கழற்றிப் பார்க்காமல் நான் சொல்லமாட்டேன். கிளட்சை எடுத்தபிறகு வெளித்தட்டை இரண்டு கையாலும் பிடித்து இடமும் வலமுமாகத் திருப்பிப் பார். ஸ்பிரிங்கை எதிர்த்துப் போய், விட்டதும் திரும்பி வரவேண்டும். ஸ்பிரிங் பிடிக்காமல் லொடலொடவென்று எவ்வளவு தூரம் போகலாம், முன்னும் பின்னும் எவ்வளவு ஆடலாம் என்று அந்தப் பிளைவீலுக்கு அளவு கொடுத்திருப்பார்கள். அதைத் தாண்டினால் மாற்றியே ஆகவேண்டும். உள்ளிருந்து கிரீஸ் சிதறியிருந்தாலும், உராயும் முகத்தில் விரிசல் தெரிந்தாலும் யோசிக்கவே வேண்டாம். காசு மிச்சம் என்று சிலர் ஒற்றைத் தட்டு பிளைவீலைப் போட்டுவிடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஸ்பிரிங் வாங்கிக்கொண்டிருந்த உதையை அப்புறம் கியர்பாக்ஸ்தான் வாங்கவேண்டும்.

சரி, வேலைக்கு வருவோம். முதலில் பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்று. வண்டியைச் சமதரையில், ஸ்டாண்டுகள் மேல் நிறுத்து. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதே, ஒரு நிமிட வேலைக்குக்கூட. கியர்பாக்ஸ் 40, 50 கிலோ கனக்கும். அது இறங்கும்போது உன்னோடு இன்னொருவர் கட்டாயம் இருக்கவேண்டும். கழற்றியபின் இன்ஜினுக்கும் ஒரு பக்கம் பிடிமானம் போய்விடும், அதற்கு முன்பே முட்டுக்கொடுத்து வை. உள்ளே படிந்திருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதாதே, ஈரத்துணியால் துடை.

போல்ட்டுகள் எல்லாம் ஒரே நீளம் இல்லை. ஓர் அட்டையில் கியர்பாக்ஸின் விளிம்பை வரைந்து, எந்த இடத்து போல்ட்டோ அதே இடத்தில் துளைபோட்டுக் குத்தி வைத்துவிடு. மாட்டும்போது தேடவேண்டியிருக்காது.

பிளைவீலைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளைத் திரும்பப் போடாதே. முறுக்கும்போது நீண்டு இறுகுகிற போல்ட்டுகள் அவை, புதிது வேண்டும். முதலில் டார்க் ரெஞ்சில், அதாவது முறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனரில், சொன்ன அளவுக்கு முறுக்கு, பிறகு சொன்ன கோணத்துக்குத் திருப்பு. அளவை உன் இன்ஜினுக்குரிய புத்தகத்தில் பார்த்துக்கொள், வேறு யாரும் சொல்வதை எடுக்காதே, நான் சொன்னாலும்கூட. பிளைவீலைக் கழற்றியிருக்கும்போதே பின்னாலிருக்கும் ஆயில் சீலைத் தடவிப் பார். அது கசிந்தால் புதுக் கிளட்ச் எண்ணெயில் குளித்துவிடும்.

கிளட்ச் தட்டுக்கு முன்புறம் பின்புறம் உண்டு. கியர்பாக்ஸ் பக்கம் எது என்று அதிலேயே எழுதியிருக்கும். தட்டை நடுவில் நிறுத்தும் கருவியை வைத்து, அதைப் பிளைவீலோடு அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டின் போல்ட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கு. தானே தேய்மானத்தைச் சரிசெய்துகொள்ளும் வகையாக இருந்தால் அதற்குத் தனிக் கருவி வேண்டும், வாங்கும்போதே கேட்டுக்கொள். கிளட்ச் தட்டு ஏறி உட்காரும் கியர்பாக்ஸ் ஷாஃப்டின் ஸ்பிளைன் பற்களில் கிரீஸ் ஒரு பூச்சு போதும். தட்டை ஒருமுறை உள்ளே தள்ளி எடு, வழிந்து வருவதைத் துடைத்துவிடு. மிஞ்சிய கிரீஸ் சுற்றும்போது கிளட்ச் முகத்தில்தான் தெறிக்கும்.

இப்போது நான் சொல்லப்போவதை மட்டும் இரண்டுமுறை படி.

நான் முதல்முறை இந்த வேலையைச் செய்தபோது கியர்பாக்ஸ் முக்கால்வாசி ஏறிவிட்டது. இரண்டு விரல் இடைவெளி மட்டும் மூடவில்லை. கை வலி, இருட்டு வேறு. போல்ட்டைப் போட்டு இழுத்தால் வந்துவிடும் என்று மேலிருந்த இரண்டை முறுக்கினேன். வந்தது. பிறகு 'டக்' என்று ஒரு சத்தம். கியர்பாக்ஸ் கூட்டின் காது ஒன்று உடைந்து கீழே கிடந்தது. கிளட்ச் தட்டு நடுவிலிருந்து மயிரிழை விலகியிருந்தது, அவ்வளவுதான். அந்தக் கூட்டையே மாற்றவேண்டியதாயிற்று.

ஆகவே, கண்ணு, எல்லாம் நேராக இருந்தால் கியர்பாக்ஸ் கையாலேயே போய் முகத்தோடு முகம் ஒட்டும். ஒட்டவில்லையென்றால் இறக்கிவிட்டு ஏன் என்று பார். ஏதோ ஒரு கியரில் போட்டு, வெளியே வரும் ஷாஃப்டைச் சற்றுத் திருப்பிக்கொண்டே தள்ளினால் பற்கள் பொருந்திக்கொள்ளும். பாதியில் களைப்பாக இருந்தால் கீழே இறக்கி வைத்துவிட்டுத் தூங்கப் போ. அந்தரத்தில் கிளட்ச் தட்டின்மேல் தொங்கவிடாதே, தட்டு வளைந்துவிடும்.

பெடலை மிதிக்கும்போது கிளட்சைத் தள்ளி விடுவிக்கும் ரிலீஸ் பேரிங்கையும் சேர்த்தே மாற்று. கியர்பாக்ஸ் வெளியே இருக்கும்போது யாரும் கிளட்ச் பெடலை மிதிக்கக்கூடாது, கிளட்சைத் தள்ளும் சிலிண்டரின் பிஸ்டன் வெளியே வந்துவிடும். மாட்டியதும் கியர் ஆயில் ஊற்ற மறக்காதே. பிறகு கிளட்ச் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றும்போது டப்பாவில் திரவம் தீர்ந்துவிடாமல் பார்த்துக்கொள். பல வண்டிகளில் பிரேக்குக்கும் அதே டப்பாதான்.

கியர்பாக்ஸ் கீழே வந்ததும் பிளைவீலைப் படமெடுத்து அனுப்பு. முகம் மட்டும் போதாது, ஓரத்தையும் கிட்டத்தில் எடு. தட்டைத் திருப்பும்போது ஒரு வீடியோவும் எடுத்துவிடு, சத்தம் கேட்கவேண்டும். எந்நேரமானாலும் பார்ப்பேன்.

அன்புடன்,
அப்பா