தொலைவுகளிலிருந்து மூலக்கூறு வடிவம்: ஆய்விதழ் ஆசிரியர் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர் குழுவினருக்கு,

வணக்கம். அணுக்களுக்கு இடைப்பட்ட தொலைவுகளைக் கொண்டு மூலக்கூறின் முப்பரிமாண வடிவத்தைக் காணும் கணிப்பு முறைகளை உங்கள் இதழ்கள் தொடர்ந்து வெளியிடுகின்றன. அவை சோதிக்கப்படும் விதம் குறித்தே இம்மடல்.

புரத வடிவங்களின் பொதுச் சேமிப்பகமான புரதத் தரவு வங்கியிலிருந்து ஏற்கெனவே தெரிந்த ஒரு வடிவத்தை எடுத்து, ஐந்தாறு ஆங்ஸ்ட்ராமுக்கு (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு) உட்பட்ட தொலைவுகளைத் துல்லியமாகக் கணக்கிட்டு, அவற்றையே நிரலுக்கு உள்ளீடாகக் கொடுத்து, அதே வடிவம் திரும்பக் கிடைத்ததும் வெற்றி என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. (நானும் அப்படி எழுதியவன்தான்.) எல்லாத் தொலைவுகளும் பிழையின்றித் தெரிந்தால் வடிவம் காண கணிதவியலாளர்கள் யங், ஹவுஸ்ஹோல்டர் இருவரும் 1938-இலேயே வழிகாட்டிவிட்டனர். சில தொலைவுகள் மட்டுமே தெரியும்போது இக்கணக்கு பொதுநிலையில் என்பி-கடினம் (எல்லா நேர்வுகளையும் விரைவாகத் தீர்க்கும் வழி எதுவும் அறியப்படாத வகை) என்பதை 1979-இல் கணினி அறிவியலாளர் சாக்ஸ் நிறுவினார். ஆய்வகத்தின் நிலையோ இன்னும் மோசம்: என்எம்ஆர் (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு) ஆய்வில், அருகருகே உள்ள அணுக்கருக்களைக் காட்டித்தரும் என்ஓஇ குறிகை தொலைவின் ஆறாம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் தேய்வதால், அருகிலுள்ள ஹைட்ரஜன் இணைகளுக்கு மட்டுமே, அதுவும் கீழ்வரம்பு, மேல்வரம்பு என்ற அளவிலேயே தகவல் கிடைக்கிறது.

இந்த வேறுபாடு சிறிதன்று. வரிசையாகப் பிணைந்த நான்கு கார்பன் அணுக்களைப் பாருங்கள். பிணைப்பு நீளம் 1.54 ஆங்ஸ்ட்ராம், பிணைப்புக் கோணம் சுமார் 112 பாகை என்றால், சங்கிலியை எப்படித் திருகினாலும் முதல் அணுவுக்கும் நான்காவதற்கும் உள்ள தொலைவு ஏறத்தாழ 2.7-க்கும் 3.9-க்கும் இடையில்தான் இருக்கும். அது சரியாக 3.0 என்று தெரிந்தால், ஒன்றுக்கொன்று ஆடிப் பிம்பமான இரண்டே திருகல்கள் எஞ்சும். ‘5-க்குள்’ என்று மட்டும் தெரிந்தாலோ எதுவுமே தெரிந்ததாகாது. ஆயினும் இத்தகைய வெற்று வரம்புகளும் கட்டுரைகள் காட்டும் தொலைவுத் தகவல்களின் எண்ணிக்கையில் ஏறிவிடுகின்றன.

ஆகவே, துல்லியத் தொலைவுகளோடு மட்டும் சோதித்த கட்டுரைகளைத் திருப்பியனுப்பி, துல்லியத் தொலைவுகளுக்குப் பதில் விரிந்த வரம்புகளைக் கொடுத்துச் செய்த சோதனையையும் கேளுங்கள். பிணைப்பு வடிவியலே உறுதிசெய்துவிடும் வரம்புகளை நீக்கிய பிறகு எஞ்சுவன எத்தனை என்று எழுதச் சொல்லுங்கள். தொலைவுகளால் மட்டும் ஒரு வடிவத்தையும் அதன் ஆடிப் பிம்பத்தையும் பிரித்தறிய முடியாது என்பதால், ஒப்பிடும்போது பிம்பத்தைப் புரட்டிப் பொருத்தினார்களா என்பதையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். உள்ளீட்டுப் பட்டியலை முழுமையாக இணைக்கக் கோருவது புதுமையும் அன்று: என்எம்ஆர் வடிவங்களைப் பதிவோர் அவற்றின் தொலைவு வரம்புகளையும் தர வேண்டும் என்பதைப் புரதத் தரவு வங்கி 2008 முதல் கட்டாயமாக்கியிருக்கிறது.

இப்படிக்கு,
கணிப்பு வேதியியல் ஆய்வாளர் ஒருவர்