ஆல்பம் வந்தாச்சு, நன்றிதான் பாக்கி

எல்லாருக்கும் வணக்கம். ஆல்பம் வெளிவந்துவிட்டது. ஒன்பது பாட்டு, நாலு தமிழ், மீதி ஆங்கிலம், எல்லாவற்றிலும் பாஞ்சோ என்கிற ஐந்து தந்திக் கருவி. சிடி உறையில் நன்றி சொல்ல இரண்டு விரற்கடை இடம்தான் கிடைத்தது, அதில் பெயர்களைப் பொடி எழுத்தில் நெருக்கிப் போட்டோம், யார் என்ன செய்தார்கள் என்று சொல்ல இடமில்லை. அதற்குத்தான் இந்த மடல். இங்கே பெயர் போடவில்லை. பாதிப் பேர் போடாதே என்று சொல்லிவிட்டார்கள், மீதிப் பேரிடம் கேட்கவில்லை, படித்தால் அவரவர்க்குத் தெரிந்துவிடும்.

என்னைத் தெரியாதவர்களுக்கு: சொந்த ஊர் தேனிப் பக்கம், பிழைப்பு வட கரோலினாவில், ராலிக்குப் பக்கத்தில். பகலில் மென்பொருள், சாயங்காலம் பாஞ்சோ. கம்பெனி எதுவும் பின்னால் கிடையாது, மேனேஜர் கிடையாது, பாட்டெழுதுவது முதல் பார்சல் ஒட்டுவது வரை வீட்டில்தான்.

முதல் நன்றி ஜாமில், அதாவது சேர்ந்து வாசிக்கிற கூடலில், ஃபிடில் (வயலின்தான்) வாசிக்கும் பெரியவருக்கு. இந்த ஊர்ப் பழைய பாட்டு ஜாமில் மேடை கிடையாது, கைதட்டக் கூட்டமும் கிடையாது. ஏழெட்டுப் பேர் வட்டமாக உட்கார்ந்து ஒரே மெட்டைத் திரும்பத் திரும்ப வாசிப்பார்கள், யாராவது ஒருவர் காலைத் தூக்கிக் காட்டினால் அந்தச் சுற்றோடு முடிந்தது. வெளியாளாக வந்து நின்ற என்னை வட்டத்துக்குள் சேர்க்க வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. நாற்காலியை நகர்த்தி, தன் இடது கை தெரிகிற மாதிரி பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார், அவ்வளவுதான், விளக்கமெல்லாம் கொடுக்கவில்லை.

அவர் செய்த இன்னொரு காரியத்தைச் சொன்னால்தான் பாஞ்சோக்காரர்களுக்குப் புரியும். ஃபிடில்காரர்கள் ஏ சுருதிக்குப் போனால் நாம் கழுத்தில் காப்போ என்கிற கவ்வியை மாட்டி நாலு தந்தியை ஏற்றிவிடலாம். ஐந்தாம் தந்தி குட்டை, கழுத்தின் பாதியில்தான் தொடங்குகிறது, அதைக் காப்போ பிடிக்காது, முறுக்கி ஏற்றினால் எப்போது அறுமோ என்று வயிற்றில் புளி கரைக்கும். பெரியவர் ஒருநாள் வீட்டுக்கு வந்து, சாப்பாட்டு மேஜையில் என் பாஞ்சோவைப் படுக்க வைத்து, மூக்குக் கண்ணாடிக்கு மேல் இன்னொரு பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கழுத்தில் குறுக்கே ஓடும் ஃபிரெட் கம்பிகளில் ஏழாவதுக்குப் பக்கத்தில் ஊசி மாதிரி துளை போட்டு, பொம்மை ரயில் தண்டவாளத்துக்கு அடிக்கிற குட்டி ஆணி ஒன்றை அதில் இறக்கினார். இப்போது தந்தியை அந்த ஆணியின் கொக்கிக்குள் தள்ளிவிட்டால் போதும், சுருதி இரண்டு படி ஏறி நிற்கும். அந்த ஆணியை ரயில் மாடல் செய்கிறவர்கள்தான் வாங்குவார்கள் என்று கடைக்காரர்கள் நினைத்திருப்பார்கள். காசு வாங்கவில்லை. உங்கள் ஊர் மெட்டு ஒன்று சொல்லிக்கொடு என்றார். ஒரு கும்மி மெட்டை வாசித்துக் காட்டினேன். நம் மோகன ராகத்தின் அதே ஐந்து சுரம் இந்த ஊர் மலைப்பாட்டுகள் பலவற்றிலும் இருப்பதால் மூன்றாவது சுற்றிலேயே பிடித்துக்கொண்டார். ஆல்பத்தின் இரண்டாவது பாட்டில் கேட்கும் ஃபிடில் அவருடையதுதான்.

அடுத்தது நகம். கிளாஹாமர் முறையில் நகத்தின் முதுகால் தந்தியைக் கீழ்நோக்கி அடித்து, கட்டைவிரலால் அந்தக் குட்டைத் தந்தியை மீட்ட வேண்டும், எஃகுத் தந்தி என்பதால் என் சொந்த நகம் தாங்கவில்லை. கேரியில் நகம் வைக்கிற கடையில் ஒரு வியட்நாம் அக்கா இருக்கிறார். வலது கை ஆள்காட்டி விரலுக்கு மட்டும் அக்ரிலிக் வேண்டும் என்று நாற்பது தாண்டிய ஆம்பிளை போய் நின்றபோது சிரிக்காமல் "எந்தப் பக்கம் தேயுது?" என்று கேட்ட முதல் ஆள் அவர். பாஞ்சோவைக் கடைக்கே கொண்டுவரச் சொல்லி, அடிக்கச் சொல்லிப் பார்த்து, நகத்தின் இடது ஓரத்தைச் சாய்த்து அரம் போட்டார். ஒரே ஒரு நகத்துக்கு உண்டான காசுதான் வாங்குகிறார். ஆபீஸ் மீட்டிங்கில் அந்த விரலைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருக்கும் சக ஊழியர்களுக்கும் இங்கேயே ஒரு நன்றி.

ஐந்தாவது பாட்டில் கொஞ்சம் அடித்தொண்டையில் பேசுகிற மாதிரி ஒரு சத்தம் வருகிறதே, அது என்ன என்று பலர் கேட்டீர்கள். அது சுரைக்குடுவையில் ஆட்டுத்தோல் போர்த்திச் செய்த பாஞ்சோ. அதைச் செய்தவர் விலை சொல்லாமல், பாட்டு முடிகிற வரைக்கும் வைத்துக்கொள் என்று கொடுத்தார். கூடவே ஒரு நிபந்தனை, வாசிக்கிற இடத்தில் எல்லாம் இது எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும். சொல்கிறேன். பாஞ்சோ என்றால் வெள்ளைக்கார மலைநாட்டுக் கருவி என்று சினிமா பார்த்தே பலர் முடிவு செய்துவிட்டார்கள். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள், அங்கே தாங்கள் வாசித்ததை நினைவில் வைத்துக் கரீபியனிலும் அமெரிக்காவிலும் சுரைக்குடுவையில் கட்டிய கருவி இது. செனகல், காம்பியா பக்கம் ஜோலா மக்கள் வாசிக்கும் அகொண்டிங்கைப் பார்த்தால் உறவு தெரியும், அதிலும் ஒரு குட்டைத் தந்தி, அதிலும் நகத்தால் கீழ்நோக்கி அடி. 1840களில் முகத்தில் கரி பூசிக் கறுப்பர்களைக் கேலி செய்த மேடைக் கூத்துகள் வழியாகத்தான் இது வெள்ளையர்களிடம் பரவியது. கேலி செய்தவர்கள் கருவியை வைத்துக்கொண்டார்கள், கொடுத்தவர்களை மறந்தார்கள். பறை அடிக்கிறவர்களை ஒதுக்கி வைத்த ஊரிலிருந்து வந்த எனக்கு இது புதுக்கதை இல்லை.

அதனால் நேரில் பார்த்தே இராத சிலருக்கும் நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது. என் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் மெபேனில் வாழ்ந்து 2012இல் இறந்த கறுப்பின ஃபிடில்காரர் ஜோ தாம்சன். 2005இல் பூன் நகரில் நடந்த கறுப்பர் பாஞ்சோ கூடலில் சந்தித்து, அப்புறம் அவரிடம் போய் உட்கார்ந்து கற்றுக்கொண்டு, கரோலினா சாக்லேட் டிராப்ஸ் என்று குழு அமைத்த இளைஞர்கள். அந்தக் குழுவின் ரியானன் கிடன்ஸ் 2023இல் ஓர் ஆப்பராவுக்காக (மேடை இசை நாடகம்) புலிட்சர் பரிசைப் பகிர்ந்துகொண்டவர், கிரீன்ஸ்பரோ பெண். அப்புறம் காரபோரோ பக்கம் பிறந்த பாடகி எலிசபெத் காட்டன். சின்ன வயதில் அண்ணனின் பாஞ்சோவை இடது கைக்காரராகத் தலைகீழாகப் பிடித்துப் பழகி, பிழைப்புக்கு வீட்டு வேலை பார்த்து, 1958இல் முதல் ஆல்பம் வந்தபோது அவருக்கு வயது 60ஐத் தாண்டிவிட்டது. இந்த வயதில் என்னப்பா வளரும் கலைஞன் என்று கேட்கிற உறவினர்களுக்கு நான் காட்டும் ஆதாரம் அவர்தான்.

தோல் பாஞ்சோவில் ஒரு தொல்லை உண்டு. ஜூலை மாதக் கரோலினாப் புழுக்கத்தில் தோல் தொளதொளத்துப் பாட்டே தொங்கிவிடும். ரெக்கார்டிங் அன்று அப்படித்தான் ஆனது. பறை வாசிக்கிற தம்பி ஒருவன் வேறு வேலையாக அங்கே வந்திருந்தான், தோலை விரலால் ஒருமுறை தட்டிப் பார்த்தான், "காய்ச்சணும்ணே" என்றான். ஸ்டூடியோவில் தீ மூட்ட முடியுமா, காரிலிருந்து ஹேர் டிரையரை எடுத்து வந்தான், இங்கே ஹால்களில் நெருப்புக்கு அனுமதி இல்லாததால் பறைக்கும் அதுதானாம். ஓரத்திலிருந்து சுற்றிச் சுற்றிக் காட்டி, நடுவில் காட்டாமல், ஒவ்வொரு சுற்றுக்கும் தட்டிப் பார்த்துத் தட்டிப் பார்த்து, சரி இப்ப வாசிங்க என்று கொடுத்தான். ஒரே டேக். அந்தப் பாட்டின் கடைசியில் வரும் பறையும் அவன்தான், அது திட்டத்திலேயே இல்லை.

சவுண்ட் இன்ஜினியர் அண்ணனைப் பற்றி நிறையச் சொல்லலாம், அவருக்குப் பிடிக்காது. பாஞ்சோவின் பின்பக்கம், தோலுக்கும் உள்ளே ஓடும் கம்பிக்கும் நடுவே ஒரு பழைய சாக்ஸைச் செருகித் தேவையில்லாத கணகணப்பை அடக்கினார், என் குரலில் எதையும் அடக்காமல் விட்டார். "பிசிறு இருக்கட்டும், பிசிறுக்குத்தான் இந்தப் பாட்டு" என்றார். சுருதியைத் திருத்தும் ஆட்டோ ட்யூன் போடலாமா என்று நான் கேட்கவே இல்லை, கேட்டிருந்தால் வெளியே அனுப்பியிருப்பார்.

நாலு தமிழ்ப் பாட்டில் இரண்டின் மூலம் என் பெரியம்மா. அவர் ஊரில் விடியற்காலை, எனக்கு முந்தின நாள் சாயங்காலம், வாட்ஸாப்பில் குரல் பதிவு வந்து விழும். நடவுப் பாட்டு ஒன்றை ஆரம்பிப்பார், நடுவில் "ஏய் அந்தப் பாலை இறக்கு" என்பார், விட்ட இடத்திலிருந்து பிடிப்பார். ஒரே பாட்டை மூன்று மாதிரி பாடி அனுப்பி, "எது வேணுமோ எடுத்துக்க, நாங்க அன்னைக்கு யாரு முன்னால போறாளோ அவ பாடுறதுதான்" என்றார். ஊர்ப் பாட்டு, ஆசிரியர் இல்லை, இசைக்கோர்ப்பு என்னுடையது என்று பதிவு செய்துகொள்ளச் சட்டம் விடுகிறது. எனக்கு மனசு வரவில்லை. அந்த இரண்டு பாட்டிலும் அவர் பெயரும் பங்குதாரராகச் சேர்ந்திருக்கிறது. சொன்னபோது, "எவ்வளவு வரும்?" என்றார். உண்மையைச் சொன்னேன். "அப்ப நீயே வச்சுக்க" என்றார்.

காசுப் பேச்சு வந்துவிட்டதால் அதையும் பேசிவிடலாம். வாழ்த்து அனுப்பிய எல்லாருக்கும் நன்றி, வாங்கியவர்களுக்குக் கொஞ்சம் கூடுதல் நன்றி, ஒளித்துப் பேச விரும்பவில்லை. பேண்ட்கேம்ப் என்கிற இணையதளத்தில் 10 டாலர் கொடுத்து ஆல்பத்தை இறக்கிக்கொண்டால் அவர்கள் 15 சதவீதம் எடுத்துக்கொள்கிறார்கள், பணம் அனுப்பும் கட்டணம் கொஞ்சம் போகும், மீதி என்னிடம் வருகிறது. ஸ்பாட்டிஃபையில் 2024 முதல் ஒரு பாட்டை 12 மாதத்தில் 1000 தடவையாவது கேட்டிருந்தால்தான் கணக்கே தொடங்குகிறது, அதற்குக் கீழே சுழியம். என் பாட்டுகளில் ஒன்றுதான் அந்தக் கோட்டைத் தாண்டும் போலிருக்கிறது, அதுவும் ஒரு புண்ணியவான் இரவு முழுக்க ஓட விட்டுத் தூங்குவதாகச் சொன்னதால். ஓரிடத்தில் வாசித்ததற்கு இன்றுவரை காசு வரவில்லை, யார் என்று சொல்லப் போவதில்லை. அந்தப் பள்ளத்தை அடைத்தவை வீட்டுக் கச்சேரிகள். சோபாவை மாடிக்கு ஏற்றி ஹாலைக் காலி செய்து, வாசலில் டப்பா வைத்து, "டப்பாவைப் பார்க்காமல் யாரும் செருப்பு மாட்டக் கூடாது" என்று அறிவித்த மோரிஸ்வில் குடும்பத்துக்குக் கும்பிடு. அங்கே ராஜா பாட்டு வருமா என்று கேட்ட மாமாவுக்கும். பண்ணைப்புரம் எங்கள் மாவட்டம், வராமல் இருக்குமா, ஆனால் இரண்டுக்கு மேல் வாசிக்க மாட்டேன், அப்புறம் என் பாட்டை யார் கேட்பது.

ஆஷ்வில் பக்கம் சின்னக் கூடம் நடத்தும் அம்மாவை விட்டுவிடக் கூடாது. 2024 செப்டம்பர் கடைசியில் ஹெலீன் புயல் வந்து ஃபிரெஞ்ச் பிராட் ஆறு கரை ஏறியபோது அந்தப் பக்கத்துக் கலைஞர்கள் பலரின் பட்டறைகளே தண்ணீரில் போயின, நகரத்தில் குழாய்த் தண்ணீர் குடிக்கிற பதத்துக்கு வர நவம்பர் 18 ஆயிற்று. அக்டோபரில் எனக்கிருந்த கச்சேரி ரத்து என்று சொல்ல, சிக்னல் கிடைக்கும் மேட்டைத் தேடிப் போய்ப் போன் செய்தார். யார் யாரிடம் மன்னிப்புக் கேட்பது? வசந்தத்தில் தேதி தருகிறேன் என்றார், தந்தார், மின்விசிறிகள் இன்னும் சுவரைக் காயவைத்துக்கொண்டிருந்த கூடத்தில் கச்சேரி நடந்தது. வசூலை அங்கேயே விட்டுவிட்டு வரலாம் என்று பார்த்தேன். விடவில்லை, "பாடினவனுக்குக் கூலி கொடுக்காம அனுப்புற இடமா இது?" என்று சட்டைப் பையில் திணித்தார்.

என் மனைவிக்கு இங்கே நன்றி எழுதினால் வீட்டில் கேலி செய்வாள், அதனால் ஒரு வரி: கணக்கு முழுக்க அவள் பார்த்தது, அதனால்தான் கடன் இல்லை. மகள் உறைப்படம் வரைந்தாள், பாஞ்சோவுக்கு ஆறு தந்தி போட்டிருக்கிறாள், மாற்றச் சொல்லவில்லை.

வினைல் இசைத்தட்டு வருமா என்று கேட்டவர்களுக்கு, இப்போதைக்கு இல்லை, அச்சடிக்கும் செலவு கட்டுப்படியாகவில்லை. சிடி ஒரு பெட்டி நிறைய கார் டிக்கியில் இருக்கிறது. ராலி, கேரி, டர்ஹம் பக்கம் இருப்பவர்கள் தகவல் அனுப்பினால் நானே கொண்டுவந்து தருகிறேன், தபால் செலவு மிச்சம். சிடி பிளேயர் இல்லை என்பதை ஒரு காரணமாகச் சொல்லாதீர்கள், இதுவரை வாங்கியவர்களில் பாதிப் பேரிடம் இல்லை.