ஏருக்கு முன்னால் நடப்பது

செல்வி கண்ணு,

போன ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் கவின் கேட்டானே, "தாத்தா, சண்டையில நீங்க எத்தனை பேரைச் சுட்டீங்க?" என்று, நீ உடனே அவனை அதட்டிவிட்டுப் போனை வாங்கிக்கொண்டாய். அவனைத் திட்டாதே. ஒன்பது வயசுப் பையன், தாத்தா பட்டாளத்தில் இருந்தவர் என்று தெரிந்தால் அதைத்தான் கேட்பான். எனக்குத்தான் பதில் வாயில் வரவில்லை. மூன்று நாளாகக் கிணற்று மேட்டில் உட்கார்ந்து அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். உனக்கே நான் முழுசாகச் சொன்னதில்லை. சின்னப் பிள்ளையில் நீ கேட்டபோதெல்லாம் குளிர், மூடுபனி, சப்பாத்தி என்று எதையாவது சொல்லி அனுப்பிவிடுவேன். இப்போது எழுதுகிறேன். படித்துவிட்டு, அவன் வயசுக்கு எவ்வளவு சொல்லலாமோ அவ்வளவு சொல்லு.

நான் யாரையும் குறிபார்த்துச் சுட்டதில்லை. தோளில் துப்பாக்கி இருந்தது, ஆனால் என் வேலை மண்ணில். நான் இருந்த மெட்ராஸ் சாப்பர்ஸ் என்றால் பாலம் கட்டுவது, பாதை போடுவது, கண்ணிவெடி புதைப்பது, எதிரி புதைத்ததைத் தேடி எடுப்பது. 1780-ல் ஆரம்பித்த படை அது, பெங்களூரில் அல்சூர் ஏரிப் பக்கம் சென்டர். எங்களைப் பட்டாளத்தில் எல்லோரும் 'தம்பி' என்றுதான் சொல்வார்கள், தமிழ் ஒரு வார்த்தை தெரியாத வடக்கத்தி ஆபீசர்கூட.

நான் தேசபக்தியில் போய்ச் சேர்ந்தேன் என்று கவினிடம் சொல்லாதே, அது உண்மையில்லை. 1968-ல் நம் கிணறு வற்றிப்போய், கவலை பூட்டித் தண்ணீர் இறைத்த மாட்டில் ஒன்று செத்து, இருந்த இரண்டு ஏக்கரும் அடமானத்தில் இருந்தது. வேலூரில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு உன் தாத்தாவிடம் சொல்லாமல் போனேன். மார்பளவு பார்த்தார்கள், ஓடவிட்டார்கள், எடுத்துக்கொண்டார்கள். அவ்வளவுதான். முதல் மணியார்டர் வந்த அன்று உன் ஆயா அழுதாள் என்று தபால்காரர் கடிதத்தில் எழுதியிருந்தார். ஆயாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, அவள் சொல்லச் சொல்ல அவர்தான் எழுதுவார். '56 ஏ.பி.ஓ.' என்று பட்டாளத் தபால் முகவரிதான் போடுவார், அதைப் பார்த்தால் மகன் எந்த ஊரில் இருக்கிறான் என்று யாருக்கும் தெரியாது, ஆயாவுக்கும் தெரியாது.

1971 மழைக்காலம் முடிந்ததும் எங்களைப் பாகிஸ்தான் எல்லைக்கு அனுப்பினார்கள். ஜம்முவுக்குத் தெற்கே சாம்பா என்று ஊர். மலை அடிவாரம் முடிந்து சமவெளி தொடங்குகிற இடம், நல்ல மண், கோதுமை விளைகிற பூமி. சண்டை வரப்போகிறது என்று எல்லோருக்கும் தெரியும். எதிரி டாங்கிகள் உள்ளே வராதபடி நம் பக்கத்திலேயே வரிசை வரிசையாகக் கண்ணிவெடி, நாங்கள் மைன் என்போம், புதைக்க வேண்டும். நம் பக்கம் என்றால் யாருடைய இடம்? விவசாயிகளுடைய நிலம்தான்.

விதைத்துப் பத்துப் பதினைந்து நாள் ஆன கோதுமை, விரலளவு பச்சை கட்டியிருந்தது. அதில் இறங்கினோம். டாங்கிக்கான மைன் ஒரு பெரிய தட்டு மாதிரி இருக்கும், மனுஷன் மிதித்தால் வெடிக்காது. அதனால் அதை யாரும் வந்து எடுத்துவிடாமலிருக்கப் பக்கத்தில் ஆள் மிதித்தால் வெடிக்கிற சின்ன மைன் வைப்போம். ஒரு கட்டையை அடித்து, அதிலிருந்து எத்தனை அடி, எந்தத் திசை, வரிசையில் எத்தனை என்று எல்லாவற்றையும் காகிதத்தில் குறிப்பார்கள். அந்தக் காகிதம் தொலைந்தால் அந்த நிலமே தொலைந்த மாதிரி.

இப்போது சொல்லப்போவதை நான் உன் அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. மைன் புதைத்த இடம் தெரியக்கூடாது. அதற்காகப் பயிரோடு சேர்த்து மண்கட்டியைப் பெயர்த்து ஓரமாக வைப்போம், குழியில் மைனை இறக்கியதும் அதே கட்டியை மேலே வைத்து மூடுவோம். வேர் அறுபடாமல் பெயர்த்து, ஓரத்தில் ஈர மண்ணை அணைத்து விரலால் அழுத்திவிட்டால் இரண்டு நாளில் பயிர் நிமிர்ந்துவிடும், பக்கத்தில் நின்று பார்த்தாலும் தெரியாது. மற்றவர்கள் வைத்தது மஞ்சளாகிவிடும். நான் வைத்தது காயாது. சின்ன வயசிலிருந்து நாற்றுப் பிடுங்கி நட்ட கை, அதற்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. சுபேதார் என்னைக் காட்டி, "இவன் எப்படிச் செய்கிறான் பாருங்கள்" என்பார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது செல்வி. 21 வயசு.

ஒருநாள் சாயங்காலம் வரப்பில் ஒரு பெரியவர் வந்து நின்றார். தலைப்பாகை, கையில் தடி. அந்த ஊர் ஜனங்களைப் பின்னால் அனுப்பிவிட்டார்கள், இவர் மட்டும் நிலத்தைப் பார்க்கத் திரும்பி வந்திருக்கிறார். சண்டை போடவில்லை, கத்தவில்லை. எங்களைப் பார்த்து, "கப் நிகாலோகே, புத்தர்?" என்று கேட்டார். எப்போது எடுப்பீர்கள் மகனே என்று அர்த்தம். அந்தப் பக்கம் மகனைப் புத்தர் என்பார்கள். எனக்கு இந்தி வராது, பட்டாளத்தில் இங்கிலீஷ் எழுத்தில் எழுதி இந்தி சொல்லிக்கொடுத்தார்கள், அந்த அளவுதான். தெரியாது என்று மட்டும் சொன்னேன். அவர் குனிந்து வரப்பு ஓரத்துப் பயிரை ஒரு தடவு தடவிவிட்டுப் போய்விட்டார். உன் தாத்தா இதே மாதிரிதான் தடவுவார்.

டிசம்பர் 3 ராத்திரி சண்டை ஆரம்பித்தது. அதன் விவரம் எல்லாம் புத்தகங்களில் இருக்கிறது, கவின் பெரியவனானதும் படித்துக்கொள்வான். நாங்கள் ஷகர்கர் பக்கம் எல்லை தாண்டி உள்ளே போனோம். அங்கே முழுக்க அவர்கள் புதைத்த மைன். ப்ராடர் என்று ஒரு கம்பி, அதைச் சாய்வாக மண்ணில் விட்டு மெதுவாகக் குத்திப் பார்க்க வேண்டும். நேராகக் குத்தினால் மைனின் தலையில் அழுத்தம் விழும், சாய்த்துக் குத்தினால் பக்கவாட்டில் இடிக்கும். கல்லில் பட்டால் ஒரு மாதிரி, வேரில் பட்டால் ஒரு மாதிரி, மைனில் பட்டால் வேறு மாதிரி, அதைக் கைதான் சொல்லும். குப்புறப் படுத்துக்கொண்டு ஒவ்வொரு சாணாகப் போய், பார்த்த இடத்துக்கு இரண்டு பக்கமும் வெள்ளை நாடா விடுவோம், அதற்குள்தான் டாங்கி வரும்.

டிசம்பர் 15 ராத்திரி பசந்தர் ஆற்றில் அந்த வேலை. தலைக்கு மேல் குண்டு போய்க்கொண்டே இருந்தது. அந்தச் சண்டையில் மைன் நடுவே வழி திறந்துகொண்டிருந்த சாப்பர் மேஜர் விஜய் ரத்தன் சௌத்ரி உயிரை விட்டார், அவருக்கு மகாவீர் சக்கரம் கொடுத்தார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் போன காலாட்படைக்கு ஆபத்து என்று தெரிந்ததும், பாதை முழுசாக முடிகிறவரை காத்திருக்காமல் பூனா ஹார்ஸ் என்ற படையின் டாங்கிகள் மைன் நடுவிலேயே உள்ளே போய்விட்டன. அதில் போன அருண் கேத்ரபால் மறுநாள் எரிகிற டாங்கியை விட்டு இறங்காமல் சண்டை போட்டு இறந்தார். பரம் வீர் சக்கரம். அவருக்கும் 21 வயசுதான். அந்தப் பெயரைக் கவினுக்குச் சொல்லு. 17-ந் தேதி ராத்திரி 8 மணிக்குச் சண்டை நிறுத்தம். காதுக்குள் இரைச்சல் நிற்க எனக்கு இன்னும் நாலு நாள் ஆனது.

அதற்கப்புறம் ஒரு வருஷம் நாங்கள் பிடித்த இடத்திலேயே இருந்தோம். ஜனங்கள் ஓடிப்போன ஊர்கள். வெட்ட ஆளில்லாத கரும்பு நின்றபடி காய்ந்து கிடந்தது. ஒரு கிணற்றில் சங்கிலியில் கோத்த வாளிகளால் தண்ணீர் இறைக்கிற உருளை, நம் கவலை மாதிரி அங்கே அது. அதற்குப் பூட்டுகிற மாடு இல்லை. பக்கத்தில் நாலு பாத்தி வெங்காயம் வாடிக் கிடந்தது. நானும் இன்னொரு தம்பியும் சாயங்காலம் டூட்டி முடிந்து அந்த உருளையைக் கையால் தள்ளித் தள்ளி அந்த வெங்காயத்துக்குத் தண்ணீர் விட்டோம். யார் வீட்டு வெங்காயம், எதிரி நாட்டான் வெங்காயம், எனக்குத் தெரியாது. காய்கிற பயிரைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சும்மா இருக்கிறது? பத்துப் பதினைந்து நாள் விட்டோம், பிறகு எங்களை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

சிம்லா ஒப்பந்தப்படி 1972 டிசம்பரில் படைகள் எல்லைக்குத் திரும்பின. அதன் பிறகுதான் சாம்பா பக்கம் நாங்கள் புதைத்ததை எடுக்கப் போனோம். அந்தப் பெரியவருக்கு அதற்குள் மூன்று போகம் போய்விட்டது. நிலம் முழுக்கப் புல், இடுப்பு உயரம்.

காகிதத்தைப் பார்த்து வரிசையாக எடுத்துக்கொண்டு வந்தோம். ஒரு வரிசையில் கணக்கில் இரண்டு குறைந்தது. ஒரு மழைக்காலம் போயிருந்தது இல்லையா, மழையில் மண் கரைந்து சின்ன மைன் நகர்ந்திருக்கும், எலி வளையில் இறங்கியிருக்கும். நான் இந்தப் பக்கம், சேலத்துப் பக்கத்துத் தம்பி ஒருத்தன் அந்தப் பக்கம், இரண்டு பேரும் தேடினோம். கிணற்றில் பெரிய கல்லைப் போட்டது மாதிரி ஒரு சத்தம். அவன் உட்கார்ந்திருந்தான். பூட்ஸைக் காணவில்லை, பூட்ஸுக்குள் இருந்த காலையும் காணவில்லை. அவன் என்னைப் பார்த்து, "இங்க பயிர் நல்லா வளர்ந்திருந்துச்சுடா" என்றான். அந்த மயக்கத்திலும் புல்லைப் பயிர் என்று சொன்னான்.

அது எங்கள் செக்‌ஷன் போட்ட வரிசை. அதில் எது நான் வைத்தது, எது மற்றவன் வைத்தது என்று காகிதத்தில் இருக்காது. ஆனால் காயாமல் வைக்கத் தெரிந்தவன் நான். கவின் எத்தனை பேர் என்று கேட்டபோது எனக்கு அந்தக் கால்தான் கண் முன்னால் வந்தது, அதனால்தான் பேச முடியவில்லை. அந்தத் தம்பி பிழைத்துக்கொண்டான், ஊரில் கடை வைத்தான், எங்கள் இரண்டு பேருக்குள் கடைசிவரை கடிதம் இருந்தது. நான் இதை அவனிடம் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

இரண்டாவது மைன் ஆறு அடி தள்ளிக் கிடைத்தது. கணக்குச் சரியானதும் நிலத்தை ஒப்படைத்தோம். பெரியவர் மாட்டைப் பூட்டிக்கொண்டு வந்தார், வந்தவர் வரப்பிலேயே நின்றுவிட்டார். பின்னே எப்படி இறங்குவார்? ஒரு வாரம் முன்பு அந்தச் சத்தத்தை அவரும் கேட்டிருப்பார். சுபேதார் எங்களை வரிசையாக நிற்கவைத்து, கையைக் கோத்துக்கொண்டு இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் நடக்கச் சொன்னார். நடந்தோம். அப்போதும் அவர் மாட்டின் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். எனக்கு என்ன தோன்றியதோ, பூட்ஸைக் கழற்றினேன். நம் ஊரில் செருப்போடு யார் கழனியில் இறங்குவார்கள்? வெறுங்காலோடு மாட்டுக்கு முன்னால் போய் நின்று, வாங்க என்று தமிழிலேயே சொன்னேன். நான் முன்னால் நடக்க, பின்னால் மாடு, அதன் பின்னால் அவர். ஒவ்வொரு சாலும் அப்படியே, இருட்டுகிறவரை. மாட்டின் மூச்சு என் முதுகில் பட்டுக்கொண்டே இருந்தது. முடிந்ததும் மடியிலிருந்து ஒரு துண்டு வெல்லம் எடுத்துக் கொடுத்தார். அதில் மண் ஒட்டியிருந்தது. அப்படியே வாயில் போட்டுக்கொண்டேன்.

1984-ல் பென்ஷனோடு ஊருக்கு வந்து, அடமானத்தை மீட்டு, கிணற்றை ஆழப்படுத்தி, நம் கழனியில் முதல் மல்லாட்டை போட்டபோது என் கால் தானாக ஏருக்கு முன்னால் போய்விட்டது. அன்றிலிருந்து ஒவ்வொரு ஆடிக்கும் நடக்கிறேன். உன் அம்மா அது கன்னிமாருக்கு வேண்டுதல் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள், நானும் இல்லை என்று சொல்லவில்லை. ஊரில் பார்ப்பவர்கள் சாமி கும்பிடுகிறார் என்பார்கள். நீயும் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என் பின்னாலேயே நடந்து வருவாய், ஞாபகம் இருக்கிறதா? ஏன்பா முன்னால போறீங்க என்று கேட்பாய். கல் இருக்கிறதா என்று பார்க்கிறேன் என்பேன்.

இப்போது டிராக்டர். ஓட்டுகிற பையனுக்கு மணிக் கணக்கு, நான் முழுக் கழனியும் நடந்து முடிக்கிறவரை எஞ்சினை நிறுத்திவிட்டுக் காத்திருக்கிறான். நல்ல பையன், அதற்குக் காசு கேட்பதில்லை. முழங்கால் முன்பு போல் இல்லை, போன வருஷம் பாதியில் உட்கார்ந்துவிட்டேன், மீதியை அவன்தான் இறங்கி நடந்து வந்தான், நான் சொல்லாமலே செருப்பைக் கழற்றிவிட்டு.

நிலத்தை விற்றுவிட்டு அபுதாபிக்கு வந்து எங்களோடு இருங்கள் என்று நீ சொன்னதற்கும் இதுதான் பதில் என்று வைத்துக்கொள். கோபமில்லை, நீ பாசத்தில் சொல்கிறாய் என்று தெரியும். முடிகிறவரை இங்கே இருக்கிறேன்.

ஜூலை, ஆகஸ்ட்டில் உங்களுக்கு ஸ்கூல் லீவு. ஆடிப் பட்டத்துக்கு மழை ஒழுங்காக வந்தால் பதினெட்டுக்கு முன்னால் விதைத்துவிடுவேன், நீங்கள் வருகிற தேதி தெரிந்தால் இரண்டு நாள் தள்ளிக்கூட வைத்துக்கொள்ளலாம். கவினுக்கு வரும்போது பழைய டிரவுசராகப் பார்த்து எடுத்து வா, செம்மண் கறை எத்தனை துவைத்தாலும் போகாது.

அப்பா