தண்டப்பணமும் மூன்று வீதமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

போன கிழமை நீதிமன்ற வாசலில் ஒரு அம்மாவைக் கண்டேன். மகன் கொஞ்சக் கஞ்சாவோடு பிடிபட்டதற்குத் தண்டம் கட்டவென்று தோட்டை அடகு வைத்து, காசையும் அடகுச் சீட்டையும் ஒரே சொப்பிங் பையில் சுற்றிப் பிடித்தபடி நின்றார். கட்டாவிட்டால் மறியல். காசுள்ளவன் கட்டிவிட்டு அன்றைக்கே வீட்டுக்குப் போகிறான், கூலிக்காரன் உள்ளே போகிறான், ஒரே குற்றத்துக்கு இது சரியா? வருமானத்தைப் பார்த்துத் தண்டம் போடுங்கள்.

அவருக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்தவன் பொய்க்கால் போட்ட ஒரு பெடியன், படித்தவன், வேலையில்லை. அரச வெற்றிடங்களில் 3 வீதம் மாற்றுத்திறனாளிகளுக்கு என்று 1988இலேயே சுற்றறிக்கை வந்துவிட்டது. போரில் கால் இழந்தவர்கள் இத்தனை பேர் இருக்கிற வன்னியில், நீதி அமைச்சின் அலுவலகங்களில் அவர்களுக்கும் எழுதுவினைஞர் கதிரை கொடுங்கள்.

வாசகர்,
கிளிநொச்சி