பரு வடுவுக்குப் போடுவதை ‘வெள்ளையாகலாம்’ என்று எழுதாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கடந்த ஞாயிறு மலரில், பரு வடுவுக்கு முகத்தில் தடவும் பெப்டைட் சீரம் பற்றி வந்த குறிப்பைப் படித்தேன். தகவலில் குறை இல்லை, தலைப்பில் இருந்த ‘வெள்ளையாகலாம்’ என்ற சொல்தான் உறுத்தியது. அந்தச் சொல்லை நம்பித்தான் போன வருடம் ஐந்தாம் படிவத்தில் இருந்த என் மகள், பட்டர்வொர்த் பக்கம் ஒரு பசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், 15 வெள்ளிக்கு ஒரு கிரீம் வாங்கி வந்தாள். மஞ்சள் நிறத்தில் சின்ன டப்பா, மூடியில் பெயரைத் தவிர ஒரு எழுத்து இல்லை. முதல் வாரம் முகம் பளபளவென்று இருந்தது. மூன்றாவது வாரம் கன்னம் சிவந்து, தண்ணீர் பட்டாலே எரிகிறதும்மா என்று அழுதாள். பாதரசமோ, தோலை வெளுக்க வைக்கும் ஹைட்ரோகுவினோனோ, ஸ்டீராய்டோ கலந்திருக்கலாம், உடனே நிறுத்துங்கள் என்றார் டாக்டர். சுகாதார அமைச்சு தடை செய்கிற கிரீம்களில் திரும்பத் திரும்பப் பிடிபடுவதும் இவைதான்.

தோல் ஆறிய பிறகு டாக்டரிடம் கேட்டுக்கொண்டு பார்மசியில் வாங்கியது டெட்ராபெப்டைட் 30 உள்ள சீரம். புரோலின், லைசின், குளுடாமிக் அமிலம், மறுபடி லைசின் என்று நாலே நாலு அமினோ அமிலம் கோத்த சிறு சங்கிலி அது. வெயிலோ பருவோ தோலைச் சீண்டும்போது, தோல் செல்கள் அழற்சிச் சமிக்ஞைகளை அனுப்பி நிறமிச் செல்களைத் தூண்டிவிடுகின்றன. நம் மாதிரி மாநிறத் தோலில் பரு போனாலும் கறுப்பு மாசக்கணக்கில் நிற்பது இதனால்தான். அந்தத் தூண்டுதலைக் குறைப்பதுதான் இந்தப் பெப்டைடின் வேலை, அதனால் எரிச்சல் தணிவதும் வடு மங்குவதும் சேர்ந்தே நடக்க வேண்டும். இரவில் சீரம், காலையில் சன்ஸ்கிரீன் என்று விடாமல் போட்டு, தாடையில் பாசிப்பயறு அளவு இருந்த கறுப்பு மங்க மூன்று மாதம் ஆனது. அந்தச் சீரத்தில் கறுப்பை மங்க வைக்கும் நியாசினமைடும் இருந்தது, ஆகவே முழுப் பெருமையையும் பெப்டைடுக்கே கொடுக்க மாட்டேன். மகளின் நிறம் அப்படியேதான் இருக்கிறது, என் அம்மாவின் அதே நிறம், அதை யாரும் மாற்றத் தேவையில்லை.

இங்கே மலேசியாவில் சட்டப்படி விற்கும் அழகுப் பொருளுக்கு என்.ஓ.டி. (NOT) என்று தொடங்கும் எண் உண்டு, சுகாதார அமைச்சின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான என்.பி.ஆர்.ஏ. (NPRA) இணையத்தளத்தில் தேடிப் பார்க்கலாம். அந்த எண் இருந்தால் அமைச்சே சோதித்துவிட்டது என்று அர்த்தமில்லை, விற்பவர் தம் பொருளைப் பதிந்திருக்கிறார் என்றுதான் அர்த்தம், ஆனாலும் அதுகூட இல்லாத டப்பாவை வாங்கவே கூடாது. சரி, நான் கேட்பது இவ்வளவுதான்: அழகுப் பொருள் விளம்பரம் எதைப் போட்டாலும் பக்கத்தில் அந்த எண்ணையும் போடுங்கள், தலைப்பில் ‘வடு மங்கும்’ என்று எழுதுங்கள்.

ஒரு தாய்,
பிறை, பினாங்கு