ஒரு கையெழுத்து போதும்

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது.

"சர்ச்சுல எதுக்கெடுத்தாலும் ரத்தம் ரத்தம்னே பாடுறாங்கப்பா, ஒரு மாதிரி இருக்கு" என்று போனில் சொன்னாய். அப்போது பதில் வரவில்லை. ஒத்தக்கடையில் 30 வருஷம் பத்திரம் எழுதினவனுக்கு எழுதினால்தான் யோசனை ஓடும்.

பைபிளில் ஆதியாகமம் 15ஆம் அதிகாரத்தை எடுத்துப் படி. கர்த்தரிடம் வாக்குப் பெற்ற ஆபிராம் கிடாரியையும் வெள்ளாட்டையும் ஆட்டுக்கடாவையும் நடுவே பிளந்து எதிரெதிரே வைக்கிறார். அந்தக் காலத்தில் உடன்படிக்கை செய்கிறவர்கள் அந்தத் துண்டங்களுக்கு நடுவே நடப்பார்கள். சொல் தவறினால் எனக்கும் இந்தக் கதிதான் என்று அர்த்தம். எபிரெயத்தில் உடன்படிக்கையை 'வெட்டுவது' என்றே சொல்கிறார்கள். அழகர்கோயில் பதினெட்டாம்படிக் கருப்பு வாசலில் நின்று சத்தியம் பண்ணச் சொன்னால் பெரிய பெரிய ஆட்களுக்கே நாக்கு உலர்ந்துவிடும் இல்லையா, அந்த மாதிரிப் பயம். ஆனால் ஆபிராம் அயர்ந்து தூங்கிவிட்டார். புகைகிற சூளையும் நெருப்பும் மட்டும் கடந்து போயின. அந்த நெருப்பாகக் கர்த்தர் தனியாக நடந்தார். ஆபிராமை நடக்கச் சொல்லவே இல்லை. கிரைய ஒப்பந்தத்துக்கு இரண்டு பேர் கையெழுத்து வேண்டும். தான செட்டில்மெண்டுக்கு, சாட்சிகள் போக, எழுதிக்கொடுக்கிறவர் போட்டால் போதும். இது செட்டில்மெண்ட்.

பின்னால் யாத்திராகமம் 24இல், சீனாய் மலையடியில் நடந்த உடன்படிக்கை வேறு. ஜனங்களை நடத்தி வந்த மோசே உடன்படிக்கைப் புஸ்தகத்தை எல்லாரும் கேட்க வாசிக்கிறார் (வாசித்துக் காட்டாமல் நானும் யாரிடமும் கைநாட்டு வாங்கியதில்லை). ஜனங்கள் "செய்வோம்" என்கிறார்கள். பாதி ரத்தம் பலிபீடத்தின் மேல், பாதி ஜனங்கள் மேல். இரண்டு தரப்பும் ஒப்பம். 40 நாளில் பொன்னால் கன்றுக்குட்டி செய்து கும்பிட்டார்கள், அது தனிக் கதை.

ரத்தம் என்றால் உனக்குக் கொலைதான் ஞாபகம் வருகிறது. லேவியராகமம் 17 அதை உயிர் என்கிறது. ரத்தம் சிந்தினால் உயிரையே ஈடு வைத்தாயிற்று. அதனால்தான் அதைச் சாப்பிடக் கூடாது என்றும் இருக்கிறது. அப்போஸ்தலர் 15லும் அதே பேச்சு. உன் அம்மா இப்போது அடுப்படியில் ஆட்டு ரத்தம் வதக்கிக்கொண்டிருக்கிறாள். போய்ச் சொல்ல எனக்குத் தைரியமில்லை.

அப்புறம் இராப்போஜனப் பாத்திரம், இயேசு சாவதற்கு முந்தின ராத்திரி சீஷர்களுக்குக் கொடுத்தது. இயேசு அதைத் தன் ரத்தத்தினாலாகிய புதிய உடன்படிக்கை என்றார். கிரேக்கத்தில் உடன்படிக்கைக்கும் உயிலுக்கும் ஒரே சொல்லாம். எபிரெயர் 9, எழுதினவர் சாகாமல் உயில் செல்லாது என்கிறது. எத்தனை உயில் எழுதியிருப்பேன்! அந்த வசனத்தில் என் தொழில் இருப்பது கண்ணில் படவே வயசாகிவிட்டது.

பாட்டுகளைப் பற்றி நீ சொன்னது சரிதான். சில பாட்டு எனக்கும் பிடிக்காது.

வீட்டை உன் பேருக்கு செட்டில்மெண்ட் எழுதி வைத்திருக்கிறேன். உன் கையெழுத்து வேண்டாம். ஆதார் நகல் மட்டும் அனுப்பு.

அப்பா